வழித்துணையான நாய்



நாயைப் பற்றிக் கட்டுரை எழுதுக என்று எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் சொன்னாலும், மாணவர் முதலில் எழுதும் வாக்கியம் ஒன்றே. “நாய் நன்றியுள்ள விலங்கு” என்பதே அது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். அவ்வாக்கியத்தை எத்தனை ஆயிரம் ஏடுகளில் படித்துச் சரி என்று குறியிட்டிருப்பேனோ, கணக்கில்லை. ஓய்வு பெற்றபின் நாரணாபுரத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் மாலை நேரங்களில், அவ்வாக்கியத்தின் மறுபாதியை எந்த மாணவரும் எழுதவில்லையே, நானும் எழுதச் சொல்லவில்லையே என்று எண்ணுவதுண்டு. நாய் மனிதனுக்கு நன்றியுடையது, சரி. மனிதன் நாய்க்கு நன்றியுடையவனாக இருந்தானா? இக்கேள்விக்கு விடை தேட, வீட்டுவாயிலில் கட்டுண்டு கிடக்கும் நாயைப் பார்த்தாற் போதாது. மனிதனோடு காட்டிலும் மலையிலும் நடந்து, இரவில் அவன் கூடாரத்தின் அருகே படுத்த நாயைப் பார்க்க வேண்டும். வழிநடையிலேதான் துணைவரின் தரம் விளங்கும். ஆகவே வழித்துணையான நாயின் வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

மனிதன் வீடு கட்டுவதற்கு முன்பே நாய் அவனோடு சேர்ந்துவிட்டது. ஆடும் மாடும் அவனை அடைந்தது அவன் ஓரிடத்தில் தங்கத் தொடங்கிய காலத்தில். நாயோ அவன் வேட்டையாடி ஊர் ஊராக அலைந்த காலத்திலேயே வந்து சேர்ந்தது. மனிதனின் முதல் நட்பு, ஆகவே, வழிநடை நட்பேயாகும். ஜெர்மனி நாட்டில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914-ஆம் ஆண்டு ஒரு பழங்கல்லறை வெளிப்பட்டது. ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல்லறையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாய்க்குட்டியும் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். அக்குட்டியின் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2018-இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அக்குட்டி கடுங்காய்ச்சல் நோயால் பலமுறை வருந்தியிருக்கிறது; மனிதர் பேணியிராவிடில் அத்தனை நாள் அது உயிர் தரித்திராது என்பது அவர்கள் கருத்து. நோயுற்ற குட்டியால் வேட்டைக்கு எப்பயனும் இல்லை. பயன் கருதாது அதனைப் பேணிய கைகள் அன்றே இருந்தன.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. காஷ்மீரத்தில் பர்ஸஹோம் என்னும் இடத்தில் நம் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கண்ட புதிய கற்காலக் குடியிருப்பில், மனிதரை அடக்கம் செய்த குழிகளில் நாய்களின் எலும்புகளும் கிடைத்தன. வேட்டைக் காட்சி ஒன்றைக் கீறிய கற்பலகையும் அங்கே அகப்பட்டது. வேட்டுவரும் மானும் உள்ள அக்காட்சியில் நாயும் இடம் பெற்றிருக்கிறது.

இனித் தமிழகத்துக்கு வருவோம். சங்கப் புலவர் நாயை ‘ஞமலி’ என்னும் அழகிய பெயராலும் குறித்தனர். குறிஞ்சி நிலத்து வேட்டுவர் பின்னே அது ஓடுவதை அவர்கள் பாடியுள்ளனர். ஆயினும் இலக்கியத்தைக் காட்டிலும் உறுதியாகப் பேசுவது கல். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவப் பேரரசன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது நாட்டப்பட்டது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கப் போராடி உயிர் துறந்தான். அவனுடைய நாய் கள்வரைக் கடித்து, அவன் அருகே காத்து நின்றது. கல்லிலே வீரனின் உருவத்தோடு அந்நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதனினும் வியப்பு யாதெனின், அந்நாயின் பெயரையும் கல்வெட்டு கூறுகிறது. அதன் பெயர் கோவிவன். அக்காலத்தில் வாழ்ந்த எத்தனையோ செல்வர்களின் பெயர்கள் மறைந்தொழிந்தன. ஓர் எருமைப் பட்டியைக் காத்த நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்து இன்று நம் செவியில் ஒலிக்கின்றது.

மற்றொரு கல், அண்டை மாநிலமாகிய கருநாடகத்தில் மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் நடப்பட்டது. இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றி நீங்கள் வரலாற்று நூலில் படித்திருப்பீர்கள். கி.பி. 949-இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் கங்க மன்னன் பூதுகனும் சோழப் படையை எதிர்த்தனர். சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் அமர்ந்தவாறே வீழ்ந்தான். அப்பெரும்போரைக் குறிக்கும் முதன்மையான சான்றுகளுள் ஆதகூர்க் கல்வெட்டும் ஒன்று. ஆனால் அக்கல் யாருக்காக நடப்பட்டது தெரியுமா? காளி என்னும் ஒரு வேட்டை நாய்க்காக! பூதுகனின் வீரன் மணலேரன் என்பவன் போரில் ஆற்றிய தொண்டுக்கு வெகுமதி யாது வேண்டும் என்று மன்னன் கிருஷ்ணன் வினவியபோது, அவன் பொன்னும் பொருளும் கேளாது காளி என்னும் நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு மலைச்சாரலில் அந்நாய் பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது. இரண்டும் மடிந்தன. மணலேரன் காளிக்குக் கல் நாட்டி, வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். அந்நிலத்தை அனுபவிப்போர் அக்கல்லை வழிபடாது உண்ணுதல் பாவம் என்றும் விதித்தான். ஓர் இளவரசனின் வீழ்ச்சியை நமக்கு அறிவிக்கும் கல், ஒரு நாயின் நினைவுக் கல்லாக அமைந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

இவ்விரு கற்களும் நமக்கு உணர்த்துவது யாது? தம்மோடு வந்து தமக்காக உழைத்த நாய்க்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அம்மனிதர் கருதினர். அக்கடனைப் பலரறியக் கல்லிலே ஒப்புக்கொண்டனர்.

நம் கரிசல் சீமைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. நாரணாபுரத்திலிருந்து மேற்கே நோக்கினால் தெளிந்த நாட்களில் தொடர்ச்சி மலை நீல நிறமாய்த் தோன்றும். அம்மலையடிவாரத்து ஊராகிய இராசபாளையத்தின் பெயரை ஒரு நாயினம் தாங்கி நிற்கிறது. வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள் ஆகியவற்றை உடைய அவ்வினம் வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றது. இம்மாவட்டத்தின் மற்றொரு சிற்றூராகிய சிப்பிப்பாறையின் பெயரையும் ஓரினம் கொண்டுள்ளது. மெலிந்த உடலும் காற்றைப் போன்ற கடுவிரைவும் அதன் இயல்பு. தேனி மாவட்டத்துக் கோம்பை நாயையும், தென்மாவட்டங்களின் கன்னி நாயையும் இவற்றோடு சேர்த்து எண்ணலாம். இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்று இராசபாளையம் நாய். ஓர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. தூய வெண்ணிறமே சிறப்பு என்று மக்கள் விரும்பி அவ்வினத்தை வளர்த்ததனால், அவ்வினக் குட்டிகளுட் சில செவிடாகவே பிறக்கின்றன. நம் கண்ணுக்கு அழகு தேடினோம். அதன் செவி அதற்கு விலையாயிற்று.

பெயர் பெற்ற இனங்களை விடுங்கள். இப்பகுதியில் கூடாரவாழ்வை இன்றும் அறிந்தவர் யார் என்றால், கிடை போடும் ஆட்டு இடையரே. அறுவடை முடிந்த புஞ்சைகளில் எருவுக்காக ஆடுகளை இரவில் அடைப்பது கிடை எனப்படும். கீதாரி என்னும் தலைவரின்கீழ் அவர்கள் ஊர் ஊராக, காடு காடாக மந்தையை ஓட்டிச் செல்வர். திறந்தவெளியே அவர்களுக்கு வீடு. கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு கம்பளி, சோற்றுக்கு ஒரு தூக்குச்சட்டி. உடன் ஒரு நாய். அதற்குச் சான்றிதழும் இல்லை, இனப்பெயரும் இல்லை. நரி வந்தாலும் திருடன் வந்தாலும் முதற்குரல் அதனுடையது. இதில் நான் கண்டு வியந்தது ஒன்று. கிடைக்காரர் உச்சிவெயிலில் நடப்பதில்லை. நீர்நிலை கண்டால் முதலில் ஆடு குடிக்கும், நாய் குடிக்கும், பிறகே மனிதர் தூக்குச்சட்டியைத் திறப்பர். அவ்வொழுக்கத்தை அவர்களுக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை.

வேட்டைக்கும் மேய்ச்சலுக்கும் நாயை அழைத்துச் சென்ற மனிதன், மலையேறும் இன்பத்துக்காகவும் அழைத்துச் செல்லத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் புகழ் பெற்ற நாய் ஒன்று உண்டு. சிங்கல் என்பது அதன் பெயர். 1865-இல் கிறிஸ்டியன் ஆல்மர் என்னும் மலைவழிகாட்டி அதனைச் சிங்கல் கணவாய் வழியாக அழைத்து வந்தமையால் அப்பெயர் பெற்றது. 1868-இல் கூலிட்ஜ் என்னும் பதினேழு வயது இளைஞர் ஒரு கொடுமுடியை ஏற முயன்று தோல்வியுற்று வாடியபோது, அவரைத் தேற்றுவதற்காக ஆல்மர் அந்நாயை அவருக்கு அளித்தார். பிறகு கூலிட்ஜும் அவருடைய தாயின் சகோதரியாரும் ஏறிய பனிமலைகள் பலவற்றில் அந்நாயும் ஏறியது. 1875-இல் ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமாகிய மோன் பிளாங்கின் உச்சியிலும் அது நின்றது.

அமெரிக்கப் பெரியார் ஜான் மியூர் 1880-இல் அலாஸ்காவின் பனியாற்றில் நடந்த கதையும் இங்கு நினைவுகூரத் தக்கது. அவருடன் படகில் வந்த நண்பருக்குரிய சிறு நாய் ஸ்டிக்கீன். புயல் வீசிய காலையில் அவர் தனியே புறப்பட்டார். திரும்பிப் போ என்று அவர் அதட்டியும் அந்நாய் பின்தொடர்ந்தது. மாலையில் வழி தப்பினர். ஆழ்ந்த பனிப்பிளவு ஒன்று குறுக்கே கிடந்தது. அதன்மேல் கத்திமுனை போன்ற ஒரு பனிக்கீற்று மட்டுமே பாலம். மியூர் கோடரியால் படி வெட்டி ஊர்ந்து கடந்தார். நாயோ மறுகரையில் நின்று ஊளையிட்டது. அவர் விட்டுச் செல்லவில்லை. மண்டியிட்டு அழைத்தார், தேற்றினார், அதட்டினார். நெடுநேரம் கழித்து அது படிப்படியாக அடியெடுத்து வைத்துக் கடந்தது. கடந்தபின் அது ஓடிக் குதித்து ஆனந்தக் கூத்தாடியதை அவரால் வாழ்நாள் முழுதும் மறக்க முடியவில்லை. 1909-இல் அந்நாயின் பெயராலேயே ஒரு சிறு நூலை அவர் வெளியிட்டார்.

இக்கதைகளைக் கேட்டு மகிழும்போது மறுபக்கத்தையும் காண வேண்டும். தென்துருவத்தை முதலில் அடைந்த நார்வே நாட்டு அமுந்சென் 1911 அக்டோபரில் நான்கு தோழருடனும் 52 நாய்களுடனும் புறப்பட்டார். திசம்பர் 14-ஆம் நாள் துருவத்தை எட்டினார். நாய்கள் இழுத்த வண்டிகளே அவ்வெற்றிக்குக் காரணம். ஆனால் அவருடைய திட்டத்தில் அந்நாய்களின் உணவும் கணக்கிடப்பட்டிருந்தது. அந்நாய்களே உணவாவதும் கணக்கிடப்பட்டிருந்தது. உயர்ந்த பனிமேட்டை ஏறி முடித்ததும் 24 நாய்கள் கொல்லப்பட்டன. 1912 சனவரியில் பாசறைக்கு உயிரோடு மீண்டவை 11. அமுந்சென் கொடியவர் என்று நான் கூற வரவில்லை. பனிப்பாலையில் மனித உயிர்களைக் காக்க அவர் வகுத்த வழி அது. அவருடைய தோழர் நால்வரில் ஒருவரும் மடியவில்லை. எனினும் நாய்க்கு அவ்வொப்பந்தம் தெரியாது. தன்னை அழைத்தவன் அழைத்துப் போகிறான் என்பது ஒன்றே அதற்குத் தெரியும்.

பிறரைச் சொல்லுமுன் என் குறையையும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் சாரண ஆசிரியனாகவும் இருந்த காலம். இருபத்தெட்டு மாணவரை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் இரண்டு நாள் முகாம் அமைத்தேன். பள்ளி வளாகத்திலேயே வளர்ந்த மணி என்னும் நாட்டு நாயையும் மாணவர் வேண்டிக்கொண்டபடி உடன் அழைத்தோம். இரவெல்லாம் அது கூடாரங்களைச் சுற்றி வந்தது. சிறுவர் அச்சமின்றி உறங்கினர். மறுநாள் காலை அருகிலிருந்த மொட்டைப் பாறைக்குன்றில் ஏறினோம். மணிக்கும் உற்சாகம், எல்லோருக்கும் முன்னே ஓடும், திரும்பி வரும், மீண்டும் ஓடும். நாங்கள் ஒரு பங்கு நடந்தால் அது மூன்று பங்கு நடந்தது.

பங்குனி மாதத்து வெயில். இறங்கத் தாமதமாகிவிட்டது. ஒவ்வொரு தங்கலிலும் நான் மாணவரை எண்ணினேன். இருபத்தெட்டு சரியாக இருந்தது. ஒவ்வொருவர் குப்பியிலும் நீர் உண்டா என்று பார்த்தேன். பாதி வழியில் ஒரு மாணவன், “ஐயா, மணியைக் காணோம்” என்றான். திரும்பிச் சென்று பார்த்தோம். ஓர் உடைமரத்தின் கீற்று நிழலில் அது விழுந்து கிடந்தது. நாக்கு நீண்டு தொங்க, மூச்சு இரைத்தது. உள்ளங்கால்கள் சுடுபாறையில் வெந்து கொப்புளம் கண்டிருந்தன. எங்கள் கால்களில் எல்லாம் காலணி இருந்தது. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுதும் வேர்த்து வெப்பம் தணிவதில்லை. பெரும்பாலும் வாயால் இரைத்தே தணிய வேண்டும் என்பதை வகுப்பிலே பாடமாக நடத்தியவன் நான். பாறையிலே அது என் நினைவில் இல்லை.

மாணவர் தயங்கவில்லை. இருந்த நீரை அதன் வயிற்றிலும் கால்களிலும் தெளித்தனர். இரண்டு கோல்களில் சட்டைகளைக் கோத்து, முதலுதவி வகுப்பில் கற்ற தூக்குப் படுக்கையை அமைத்தனர். மாறிமாறிச் சுமந்து கிணற்றடிக்குக் கொண்டு சேர்த்தனர். மணி பிழைத்தது. பத்து நாட்கள் காலூன்றவில்லை, பிறகு நடந்தது. அன்று சுமந்து வந்த சிறுவருள் இளையவன் என்னிடம், “ஐயா, மணியையும் சேர்த்து இருபத்தொன்பது என்று எண்ணியிருக்கலாமே” என்றான். பணிவாகத்தான் சொன்னான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற எப்பாடமும் அவ்வளவு ஆழமாகப் பதிந்ததில்லை. அடுத்த ஆண்டு முகாமுக்குப் புறப்பட்டபோது மணி பள்ளி வாயில்வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. நானும் அழைக்கவில்லை.

இந்நாளில் மலைநடையும் கூடாரவாழ்வும் இளைஞரிடையே பெருகி வருகின்றன. நாயை உடன் அழைத்துச் செல்லும் விருப்பமும் பெருகுகிறது. நல்லதே. ஆனால் எண்ணிப் புறப்படுங்கள். நாயின் குடிநீரையும் உங்கள் சுமையில் சேருங்கள். பாறையிலோ தார்ச்சாலையிலோ உங்கள் புறங்கையைச் சற்றே வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்குப் பொறுக்காதது அதன் காலுக்கும் பொறுக்காது. குட்டியையும் கிழநாயையும் நெடுவழிக்கு இழுக்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் பிற ஊசிகளும் போடாமல் வெளியே கொண்டு செல்லாதீர்கள். கயிற்றைக் கையிலே பற்றியிருங்கள். எங்கள் பட்டாசுச் சீமையில் வாழ்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். மனிதச் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுவரை உணரும். நாயின் செவி அதற்கு இருமடங்குக்கு மேலும் உணரும். தீபாவளி இரவில் கட்டிலடியில் நடுங்கும் அத்துணைவனை எண்ணி, திறந்தவெளி முகாமில் அதன் அருகே வெடி வெடிக்காதீர்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது, எங்கே நிற்க வேண்டும் என்று அறிவது. நம் மேற்கு மலைச்சரிவு 1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்குரிய சரணாலயமாயிற்று. 2021-இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் உயர்ந்தது. அத்தகைய காப்புக் காட்டுக்குள் நாயைக் கொண்டு நுழைதல் தகாது. நாய் துரத்தும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் ஒரு நச்சுக்கிருமிக் காய்ச்சலால் மாண்டன. சுற்றியிருந்த ஊர்களின் நாய்களிடமிருந்தே அது பரவியதாக ஆராய்ந்தோர் கருதினர். 2018-இல் நம் குசராத்து மாநிலத்துக் கீர்க் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் மடிந்தபோதும் அக்கிருமியே அங்கும் கண்டறியப்பட்டது. பதினாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓபர்காசல் குட்டியை வருத்தியதாக அறிஞர் கருதுவதும் இந்நோயையே. வீட்டு நாய்க்கு ஊசியால் தடுக்கக்கூடிய நோய், காட்டு விலங்குக்கு எமனாகிறது. கோவிவன் காலத்து மனிதன் நாயோடு காட்டுக்குள் புகுந்து வீரனானான். இக்காலத்து மனிதன் நாயோடு காட்டின் எல்லையில் நின்று வீரனாக வேண்டும்.

இறுதியாக, பாரதத்தின் பதினேழாம் பருவத்தில் வரும் பெரும்பயணத்தை நினைவூட்டி முடிக்கின்றேன். அரசைத் துறந்து வடதிசை நோக்கி நடந்தனர் பாண்டவர். அவர்கள் பின்னே அழையாமலே ஒரு நாய் நடந்தது. திரௌபதி வீழ்ந்தாள், சகதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். எஞ்சியவர் தருமரும் அந்நாயுமே. இந்திரன் தேரோடு வந்து தருமரை மட்டும் அழைத்தான். நாயை விட்டுவிடு என்றான். என்னை நம்பி வந்ததை விட்டு வரும் சுவர்க்கம் எனக்கு வேண்டா என்று மறுத்தார் தருமர். அந்நாயே அறக்கடவுளின் வடிவம் என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது. மறுக்கும்போது அவர் அறிந்தது ஒன்றுதான். அது வெறும் நாய், வழியெல்லாம் தம்மோடு வந்தது.

ஆகவே மாணவர்களே, இனி நாயைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள், அது உண்மை. அதன்கீழ் இரண்டாவதாக ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள்: அதனை உடன் அழைப்பவன் அதனையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். அவ்விரண்டையும் எழுதும் ஏட்டுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.